முட்டுக்கட்டை

மோட்டார் வாகன ஆய்வாளரைத் தஞ்சாவூர்ப் பக்கத்து டிரைவர்கள் ‘பிரேக் இன்ஸ்பெக்டர்’ என்றுதான் சொல்வார்கள். சட்டப் புத்தகத்தில் அப்படி ஓர் உத்தியோகம் கிடையாது. விளக்கு, ஹாரன், ஸ்டியரிங், டயர், புகை என்று அவர் பார்க்க வேண்டியவை எத்தனையோ இருக்க, ஜனங்கள் பேர் வைத்தபோது பிரேக்கை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஓடுவதற்குச் சான்று தருகிறவரை, நிற்பதை வைத்து அழைக்கிறார்கள். இந்தப் பெயரைச் சின்ன வயசிலிருந்து கேட்டு வந்திருந்தும் அதில் இருக்கிற தெளிவு எனக்கு அறுபத்திரண்டு வயசில்தான் உறைத்தது. 2024இல் என் ஜீப் சோதனையில் தோற்றது.

ஜீப் தோற்றது என்று அதன் தலையில் போட்டுச் சொல்வதே ஒரு தப்பித்தல். பொட்டல் மைதானத்தில் அந்த இன்ஸ்பெக்டர் என்னை ஓட்டச் சொன்னார். கையைக் காட்டினதும் மிதிக்கச் சொன்னார். மிதித்தேன். வண்டி இடது பக்கமாக இழுத்துக்கொண்டு போய், அவர் காட்டிய இடத்துக்கு ஏறக்குறைய இருபது அடி தள்ளி, வேலிக் கருவையின் பக்கத்தில் நின்றது. ஹாண்ட் பிரேக்கைப் போட்டுத் தள்ளிப் பார்த்தார். நகர்ந்தது. “இது நிக்காது சார். சரி பண்ணிக் கொண்டாங்க” என்றார். கோபமில்லை, உபதேசமில்லை. எல்லாம் சேர்ந்து நாலு நிமிஷம் ஆகியிருக்காது. என்னைப் பற்றி இவ்வளவு சுருக்கமாக யாரும் அபிப்பிராயம் சொன்னதில்லை என்று வீடு திரும்புகிறபோது நினைத்துக்கொண்டேன்.

ஜீப்பின் பூர்வ கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். யுத்தத்துக்காக அமெரிக்காவில் உருவான வண்டியைச் சுதந்திரத்தை ஒட்டிய வருஷங்களில் பம்பாயில் மகீந்திராக்காரர்கள் கோர்த்து விற்க ஆரம்பித்தார்கள். என்னுடையது பானெட் உயர்ந்த சி.ஜே. 3பி. அமெரிக்காவில் 1953இல் வந்த மாடல். என்ஜினின் இன்லெட் வால்வுகளைத் தலைக்குக் கொண்டுபோனதால் என்ஜின் உயரமாகிவிட்டது. அதை மூடுவதற்காக பானெட்டை உயர்த்தினார்கள். பார்க்க அவலட்சணம் என்பார்கள். தேவையிலிருந்து வந்த அவலட்சணம் என்பதால் எனக்கு அதன்மேல் மரியாதை. பிறந்த நாட்டில் நின்றுபோன பிறகும் இங்கே அதற்கு நீண்ட ஆயுள் இருந்தது.

1960-61இல் தீவிர வேளாண்மை மாவட்டத் திட்டத்துக்கு நாடு முழுவதிலுமாக முதலில் எடுத்துக்கொண்ட ஏழு மாவட்டங்களில் தஞ்சாவூர் ஒன்று. ஃபோர்டு ஃபவுண்டேஷன் பின்னால் இருந்தது. ஊரில் ‘பாக்கேஜ் திட்டம்’ என்றார்கள். உரமும் கடனும் பிறகு ஆடுதுறை 27 நெல்லும் வந்த பாதையில்தான் ஜீப்பும் வந்தது. என் பால்யத்தில் ஜீப் என்றால் சர்க்கார். புழுதி கிளம்பினாலே கணக்குப்பிள்ளை துண்டை இடுப்புக்கு இறக்குவார். அப்படி ஓர் அலுவலகத்தில் உழைத்து ஏலத்துக்கு வந்த வண்டியை 1982இல் என் அப்பா எடுத்தார். வயலுக்குப் போவதற்கு என்று சொன்னார். புழுதிக்காகத்தான் வாங்கினார் என்று நான் சந்தேகப்படுகிறேன். பெட்ரோல் என்ஜினை எடுத்துவிட்டு டீசல் என்ஜின் வைத்து, அதைப் புத்தகத்தில் பதிவும் பண்ணிவிட்டுச் செத்துப்போனார்.

பதினைந்து வருஷம் தாண்டிய சொந்த வண்டிக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 2019இலும் இதே சடங்கு நடந்தது. அப்போது தேறிவிட்டது. எப்படித் தேறியது என்பதை நான் இதுவரை எழுதியதில்லை. சோதனைக்கு மட்டும் டயர் வாடகைக்குக் கிடைக்கும்; காலையில் மாட்டி, சாயங்காலம் கழற்றிக் கொடுத்துவிட வேண்டும். நாலு டயரும் அப்படித்தான். பிரேக் ஷூக்களை டிரம்மோடு ஒட்டி இறுக்கி வைத்துக்கொண்டு போனோம். அன்றைக்கு ஒரு நாள் வண்டி கல் மாதிரி நின்றது. மறுநாள் சக்கரம் சூடேறி நாற்றமடித்ததால் பழையபடி தளர்த்தியாயிற்று. யாரும் லஞ்சம் கேட்கவில்லை, நானும் தரவில்லை. இதில் எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது. யோக்கியன் என்பதற்கு நாம் வைத்திருக்கிற அளவு அவ்வளவுதான்.

இந்த முறை பிள்ளைகள் காயலான் கடைக்குப் போட்டுவிடச் சொன்னார்கள். அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. 2022 ஏப்ரலிலிருந்து கார் வகைக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாகிவிட்டது. 2023 ஏப்ரலிலிருந்து பதினைந்து வருஷம் கடந்த சர்க்கார் வண்டிகளுக்குப் பெரும்பாலும் புதுப்பிப்பே கிடையாது. ஜீப்பை இந்தப் பக்கம் கொண்டுவந்த சர்க்காரே தன் ஜீப்புகளை உடைக்க அனுப்பிவிட்ட பிறகு நான் எதற்காகக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்? பதில் தெரியவில்லை. ஆனால் ‘இது நிக்காது சார்’ என்ற வாக்கியத்தைப் பணம் கொடுத்துப் போக்கிக்கொள்ள மனசு வரவில்லை. தெரிந்த பாய் ஒருவரின் பட்டறைக்குப் போய், “வேலையை நீங்க பார்க்க வேண்டாம், எனக்குக் கத்துக்கொடுங்க” என்றேன். அவர் என் வேட்டியைப் பார்த்தார். “நாளைக்குப் பழைய டவுசர் போட்டுக்கிட்டு வாங்க சார்” என்றார்.

நம் வட்டத்தில் பலரும் பர்சிக்கின் மோட்டார் சைக்கிள் புத்தகத்தை அறிவோம். 1974இல் வெளிவந்தது, கையிலிருந்து கைக்கு மாறி அட்டை போன ஒரு பிரதி என்னிடமும் உண்டு. ஏராளமாக அடிக்கோடு போட்டிருக்கிறேன். உடைந்துபோகும் வரை கருவி நம் கண்ணில் படுவதில்லை என்கிற ஹைடெக்கரின் சுத்தியலைப் பற்றி ஒரு கூட்டத்தில் அரைமணி நேரம் பேசியும் இருக்கிறேன். அப்படிப்பட்ட நான் முதல் நாள் ஜீப்புக்கு அடியில் படுத்தபோது, வீல் சிலிண்டர் எது, பிரேக் ஆயிலை வெளியே விடுகிற நிப்பிள் எது என்று தெரியாமல் கிரீஸ் நிப்பிளைப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தேன். பாய் சிரிக்கவில்லை. பட்டறைப் பையன் சிரித்தான்.

பெடலை மிதித்தால் நேராகச் சக்கரத்தைப் போய்ப் பிடிக்கிற கம்பி என்று எதுவும் கிடையாது. கால் மாஸ்டர் சிலிண்டரிலுள்ள எண்ணெயை அமுக்குகிறது. அந்த அமுக்கம் குழாய்கள் வழியாக நாலு சக்கரத்துக்கும் ஓடி, ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன சிலிண்டரைத் திறந்து, இரண்டு ஷூக்களை டிரம்மின் உட்புறம் அழுத்துகிறது. இந்தப் பழைய அமைப்பில் நாலுக்கும் ஒரே பாதைதான். பின்னால் வந்த வண்டிகளில் பாதையை இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். ஒன்று போனாலும் இன்னொன்று நிறுத்தும். இதில் ஒரு சக்கரத்தில் கசிந்தால் நாலும் போயிற்று. ஹாண்ட் பிரேக் மட்டும் தனி. அது சக்கரத்தைப் பிடிப்பதில்லை, கியர்ப் பெட்டிக்குப் பின்னால் புரொபெல்லர் ஷாஃப்டைப் பிடிக்கிறது. ஓட்டத்தை அது புறப்படுகிற இடத்திலேயே பிடிக்கிற இந்த யோசனை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

டிரம்மைக் கழற்றினதும் வண்டல் கொட்டியது. நாற்பது வருஷமாக வாய்க்காலிலும் சேற்றிலும் இறங்கி ஏறிய வண்டி. வயலுக்கு நல்லதென்று நாம் கொண்டாடுகிற அதே வண்டல் டிரம்முக்குள் போய் உப்புத்தாள் மாதிரி லைனிங்கைத் தேய்த்திருந்தது. ரிவெட்டின் தலை டிரம்மைக் கீறிப் பள்ளம் விழுந்திருந்தது. டிரம்களை லேத்தில் கொடுத்துக் கடைந்தோம். ஷூக்களுக்குப் புது லைனிங் ரிவெட் அடிக்க இரண்டு நாள் பிடித்தது. முதல் ஷூவை நான் கோணலாக அடித்துக் கெடுத்தேன். இரண்டாவதை மறுபடியும் கெடுத்தேன்.

மூன்றாம் நாள் மாஸ்டர் சிலிண்டரைப் பிரித்தோம். உள்ளே இருக்கிற ரப்பர் கப்புகளை பாய் விரல் நுனியில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். ஊறி உப்பி, ஈரமண்ணில் கிடந்த கொண்டைக்கடலை போல இருந்தன. “இதுல எவன் சார் இன்ஜின் ஆயில ஊத்துனது?” என்றார். பிரேக் ஆயிலின் குணம் வேறு, என்ஜின் ஆயிலின் குணம் வேறு. மண்ணெண்ணெய் வழி வந்த எந்த எண்ணெய் பட்டாலும் இந்த ரப்பர் ஊறிக் குட்டிச்சுவராகிவிடும் என்று விளக்கினார். “எவனோ ஒரு மடையன்” என்றார்.

“தெரியலையே பாய்” என்றேன்.

அந்த மடையன் நான்தான். 2020இன் கடைசியில் ஒருநாள் பெடல் தளர்ந்து போயிருந்தது. மழை. அவசரம். கொட்டகையில் கைக்குக் கிடைத்த டப்பாவிலிருந்து ஊற்றினேன். எண்ணெய் எண்ணெய்தானே! ஆங்கிலத்தில் எழுதியிருந்ததை நிதானமாகப் படித்திருந்தால் தெரிந்திருக்கும். படிப்பதே என் தொழில்.

தெரியாமல் செய்த காரியம் குற்றமா என்பது பழைய கேள்வி. இந்த விஷயத்தில் நான் கேட்டுக்கொள்ள வேண்டியது கொஞ்சம் வேறு என்று படுகிறது: தெரியாமல் இருப்பதற்கு எனக்கு யார் அனுமதி கொடுத்தார்கள்? நாற்பது வருஷமாக ஒரு வண்டி என்னிடம் இருக்கிறது. அது எப்படி நிற்கிறது என்று எனக்குத் தெரியாது. இதை வெட்கமாகவே நான் உணர்ந்ததில்லை. தஞ்சாவூர் ஜில்லாவில் இந்த மனோபாவத்துக்கு நீண்ட பரம்பரை இருக்கிறது. நிலம் மிராசுதாரிடம் இருந்தது. எந்த மடையில் எந்த ராத்திரி தண்ணீர் திருப்ப வேண்டும், எந்த மண் நாற்றைப் பிடிக்கும் என்பதெல்லாம் பண்ணையாளிடம் இருந்தது. தன் வயலின் எல்லை தெரியாத மிராசுதாரைப் பற்றி எங்கள் வீட்டில் வேடிக்கையாகச் சொல்வார்கள். அந்தத் தெரியாமையில் ஒரு கௌரவம் தொனிக்கும். 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது என் தாத்தா போட்ட கூச்சலைப் பற்றியும் கேட்டிருக்கிறேன். கூலிக் கணக்குதான் அவர் பேசினாராம். அதற்கு அடியில் இன்னொரு பயம் இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. ஆள் போய்விட்டால் வயல் தனக்கு அன்னியமாகிவிடும் என்கிற பயம். உடைமை ஒருவரிடமும் அறிவு இன்னொருவரிடமும் இருக்கிற ஏற்பாட்டில், காரியம் கெட்டால் பழி எப்போதும் அறிவு இருக்கிறவன் மேல் விழும். ‘உனக்குத் தெரிய வேண்டாமா?’ என்றுதான் கேட்பார்கள். உடையவனை அப்படி யாரும் கேட்டதில்லை. பாயின் முன்னால் ‘தெரியலையே’ என்று என் வாய் அவ்வளவு சுலபமாகச் சொன்னது அந்தப் பழக்கத்தில்தான்.

எல்லாம் மாட்டிய பிறகு ‘ஏர்’ எடுக்க வேண்டும். எண்ணெய் அமுங்காது, காற்று அமுங்கும். குழாயில் ஒரு குமிழி இருந்தாலும் காலின் பலம் அந்தக் குமிழியை அமுக்குவதிலேயே தீர்ந்துவிடும், சக்கரத்துக்குப் போய்ச் சேராது. (நம்மவர்களின் உரைநடையைப் பற்றி இந்த இடத்தில் எனக்குச் சில யோசனைகள் வந்தன. அவற்றை வேறொரு சமயம் சொல்கிறேன்.) மாஸ்டர் சிலிண்டருக்கு ரொம்பத் தூரத்திலுள்ள சக்கரத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும்; வலது பக்கம் உட்கார்ந்து ஓட்டுகிற நமக்குப் பின்புற இடது சக்கரம். ஒருவர் பெடலில், ஒருவர் அடியில். முதலில் நான் பெடலில் இருந்தேன்.

“அமுக்குங்க... அமுக்குங்க... இப்ப புடிச்சிக்குங்க.”

அவர் நிப்பிளைத் தளர்த்துகிறபோது, பிடித்திருக்கிற கால் தானாகத் தரையை நோக்கி இறங்கும். நுரைத்துக்கொண்டு எண்ணெய் கீழே வரும். அவர் நிப்பிளை இறுக்கி ‘விடுங்க’ என்று சொல்கிற வரை காலை எடுக்கக் கூடாது. எடுத்தால் வெளிக்காற்றை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும், செய்ததெல்லாம் வீண். மேலே இருப்பவனுக்குக் கீழே நடப்பது தெரியாது. கீழே இருப்பவனுக்கு மேலே இருக்கிறவனின் கால் தெரியாது. குரல் ஒன்றுதான். பிறகு நான் அடியில் படுத்தேன், பையன் பெடலில் உட்கார்ந்தான். மூன்று நாளாக என்னைப் பார்த்துச் சிரித்த பையன். நான் ‘விடு’ என்று சொல்ல மறந்துபோய்த் துணியால் கையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து மேலே இருந்து, “சார், விடவா?” என்று கேட்டான். கால் நடுங்கிக்கொண்டிருந்தது குரலில் தெரிந்தது. விடவில்லை.

அவனைக் காட்டிலும் நாற்பத்தைந்து வயசு மூத்தவன் நான். அன்று சாயங்காலம் டீ குடிக்கிறபோது பாயிடம் என்ஜின் ஆயில் விஷயத்தைச் சொன்னேன். “தெரியும் சார்” என்றார். “இந்த வண்டியை வேற யார் எடுக்கப் போறா?”

இதுவரை சொன்னது பாதிதான். 2021இல், அதாவது அந்த எண்ணெயை ஊற்றிச் சில மாதங்களில், மன்னார்குடி போகிற வழியில் ஒரு வாய்க்கால் பாலத்தை ஒட்டி ஓர் ஆட்டை இடித்துக் கொன்றேன். சினையாடு. அதன் சொந்தக்காரி ஒரு கிழவி, நடவுக்குப் போகிறவள். கூட்டம் கூடியது. “குறுக்கே வந்திடுச்சு” என்றேன். எல்லோரும் ஆமாம் என்றார்கள். ஆடு குறுக்கே வருகிற ஜந்துதானே. ஆறாயிரம் ரூபாய் கொடுத்தேன். கேட்டதற்கு மேலேயே கொடுத்தேன் என்று எனக்கு நல்ல பெயர். கிழவி பணத்தை எண்ணாமல் முடிந்துகொண்டாள். “அது சும்மாதாங்கய்யா நின்னுச்சு” என்றாள். அவள் யாரையும் குற்றம் சொல்கிற தொனியில் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள்.

அது நின்றுகொண்டுதான் இருந்தது. நான் தூரத்திலேயே பார்த்தேன். பெடல் தரை வரை போயிற்று.

திருவாரூர் கோயிலுக்கு வெளியே ஒரு கல்தேர் இருக்கிறது. மனுநீதிச் சோழன் கதைக்கு ஞாபகம். சேக்கிழார் பெரிய புராணத்தின் தொடக்கத்திலேயே இதைச் சொல்லிவிடுகிறார். பள்ளிக்கூடத்தில் நாம் கற்றது அரசனின் நீதி. எனக்கு இப்போது முக்கியமாகப் படுவது நடுவில் வருகிறவர்களின் பேச்சு. கன்று யாரும் காணாதபடி துள்ளி வந்து தேர்க்காலில் விழுந்தது என்பது கதையில் இருக்கிறது. இளவரசன் முதலில் தேடுவது அந்தணர்கள் சொல்லும் பிராயச்சித்தத்தை. மந்திரிகள் அரசனிடம் சொல்வதும் அதையேதான்: பசுவதைக்குச் சாஸ்திரத்தில் கழுவாய் இருக்கிறது, அதைச் செய்துவிட்டால் போதும். குறுக்கே வந்தது, ஈடு கொடுத்தாயிற்று. என் ஆறாயிரம் ரூபாய் இந்த மந்திரிகள் சொன்ன வழிதான். அரசன் மறுக்கிறான். தேரோட்ட ஏவின மந்திரி தன்னையே மாய்த்துக்கொள்ள, அரசனே தேரை ஓட்டுகிறான். அந்தத் தண்டனையை நியாயம் என்று என்னால் சொல்ல முடியாது. கன்றுக்குப் பிள்ளை என்கிற சமன்பாடு பயங்கரமானது. ஆனால் அந்த அரசனுக்குத் தெரிந்த ஒரு விஷயத்தை நான் மறுக்க முடியவில்லை. பசுவுக்கு நேர்ந்ததைக் காசாகவோ சடங்காகவோ மாற்றினால், மாற்றிய இடத்திலேயே அது காணாமல் போய்விடுகிறது. ஒன்று மட்டும் கதையில் யாரும் கேட்கவில்லை: தேரை நிறுத்த முடிந்திருக்குமா? அந்த வேகத்தில் வீதியில் தேரை விட்டபோது, அதை எப்படி நிறுத்துவதென்று இளவரசனுக்குத் தெரியுமா?

அதே ஊரில் ஆழித் தேர் இருக்கிறது. பல வருஷம் ஓடாமல் கிடந்து 1970இல் மறுபடி ஓடியது. அலங்காரத்தோடு 96 அடி உயரம், சுமார் 300 டன் கனம். பல ஆயிரம் பேர் வடம் பிடித்தால் நகரும். நகர்ந்த பிறகு நிறுத்துவதற்கும் திருப்புவதற்கும் சக்கரத்தடியில் கட்டை போடுகிறவர்கள் வேண்டும். பிற்காலத்தில் திருச்சி பெல் நிறுவனத்தார் ஹைட்ராலிக் பிரேக் பொருத்திக் கொடுத்தார்கள். கட்டை போடுகிற வேலை அதனால் போய்விடவில்லை. வடம் பிடித்தவர்கள் புண்ணியம் என்று வீட்டுக்குப் போகிறார்கள். கட்டைக்காரன் சக்கரத்துக்குக் கைநீளத் தூரத்தில், கண்ணை எடுக்காமல் கூடவே ஓடுகிறான். அவன் கையிலிருக்கும் பொருளுக்குத்தான் முட்டுக்கட்டை என்று பேர். அந்த வார்த்தையை நாம் என்ன செய்து வைத்திருக்கிறோம் என்று பாருங்கள். எந்த மேடையிலும் எந்தத் தலையங்கத்திலும் அது வசவு. முன்னேற்றத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறவன் என்றால் துரோகி. தேர் பார்த்த ஒரு சமூகம் இந்த வார்த்தையை இப்படிக் கெடுத்திருக்க வேண்டியதில்லை. வடம் பிடித்த கூட்டத்தின் பக்கத்திலிருந்துதான் பாஷை உண்டாகியிருக்கிறது.

இரண்டாவது சோதனைக்குப் போனபோது அதே இன்ஸ்பெக்டர். அதே இடத்தில் கையைக் காட்டினார். நாலு சக்கரமும் ஒன்றாகப் பிடித்து நின்றது. டயர் என்னுடையதுதான். பிறகு சேஸிஸ் எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்தார்கள். புத்தகத்தில் இருப்பதோடு ஒத்துப்பார்க்க. மிலிந்த ராஜாவிடம் நாகசேனர் கேட்ட கேள்வி எனக்கு ஞாபகம் வந்தது. அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா? எதுவும் இல்லையென்றால் தேர் எங்கே? நாகப்பட்டினத்தில் சோழர் காலத்தில் சூடாமணி விகாரை இருந்தது. அங்கே இதைப் பற்றி யாராவது சர்ச்சை செய்திருக்கக் கூடும். என் ஜீப்பில் என்ஜின் மாறியாயிற்று, பாடி இரண்டு தடவை மாறியாயிற்று, இப்போது பிரேக்கும் புதுசு. சர்க்காருக்கு இந்தப் பிரச்னையே இல்லை. இரும்பில் பொறித்த எண் அதேதான், ஆகவே வண்டியும் அதேதான். இந்தப் பதில் அவ்வளவு மட்டமானதல்ல என்று நினைக்கிறேன். எல்லாப் பாகத்தையும் மாற்றிவிட்டு, ஆட்டை இடித்தது வேறு வண்டி என்று நான் சொல்லிவிட முடியாது. தேய்த்தால் எண் வருகிறது.

சான்று வந்துவிட்டது. இன்னும் ஐந்து வருஷத்துக்குப் பயமில்லை. வாய்க்காலில் இறங்கி ஏறினால் டிரம் காயும் வரை லேசாக மிதித்துக்கொண்டே ஓட்ட வேண்டும் என்று பாய் சொன்னதைச் செய்கிறேன். மாதம் ஒருமுறை மாஸ்டர் சிலிண்டர் மூடியைத் திறந்து பார்க்கிறேன். டப்பாவில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு ஊற்றுகிறேன்.

மன்னார்குடி வழியாக இதற்குள் மூன்று தடவை போய்வந்தாயிற்று. பாலத்துக்குப் பக்கத்தில் அந்தக் கிழவி இருக்கிறாள். வேறு இரண்டு ஆடு வைத்திருக்கிறாள். ஜீப்பைப் பார்த்தவுடன் கயிற்றைப் பிடித்துத் தன் பக்கமாக இழுத்துக்கொள்கிறாள். பிரேக் நன்றாகப் பிடிக்கிறது. நான் இன்னும் அங்கே நிறுத்தவில்லை.